வளரிளம் பருவம், செல்போன், மனநலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று எந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தாலும், மதிப்பெண் பேச்சு முடிந்ததும் செல்போன் பேச்சு தொடங்கிவிடுகிறது. 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளின் மனநலம் குறித்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் சில சமயம் பிள்ளைகளுமே கேட்கும் கேள்விகளை, என்னால் தர முடிந்த பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. அவசரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்; நேராக 14416 என்ற எண்ணை அழையுங்கள். விவரம் கடைசிப் பதிலில் இருக்கிறது.

செல்போன் பார்ப்பதால் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வருகிறதா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சில பிள்ளைகளுக்கு, சில வகைப் பயன்பாட்டால் வருகிறது. ஏற்கெனவே இருந்தால் மோசமாகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதில்லை.

இதற்கு மேல் அடித்துச் சொல்பவர்கள் எந்தப் பக்கம் நின்று சொன்னாலும் எச்சரிக்கையாகக் கேளுங்கள். ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் கடும் விவாதம் நடக்கிறது. ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. மறுபுறம், அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் விடுத்த அறிவுரையில், சமூக ஊடகங்களில் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் அபாயம் இரு மடங்கு என்று எழுதினார்.

இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 0.4 என்பது எல்லோரையும் கூட்டி வகுத்து வரும் சராசரி. யூடியூபில் சதுரங்கம் கற்றுக்கொள்ளும் பையனும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய வீடியோக்களை இரவு முழுவதும் பார்க்கும் பெண்ணும் அந்தக் கணக்கில் "3 மணி நேரம்" என்று ஒன்றாகத்தான் பதிவாகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்வது சராசரியில் கரைந்துவிடுகிறது. 3 மணி நேரம், இரு மடங்கு அபாயம் என்ற கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: மனம் சோர்ந்த பிள்ளை வேறு போக்கிடம் இல்லாமல் போனுக்குள் ஒதுங்குவதும் நடக்கிறது. எது முதலில் வந்தது என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

காரணத்தைக் காட்டும் ஆய்வுகள் குறைவு. இருப்பவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஃபேஸ்புக் 2004இல் ஹார்வர்டில் தொடங்கி, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகத் திறந்துவிடப்பட்டது. ஒரு கல்லூரிக்கு அது வந்த பிறகு அங்கே மாணவர்களின் மனநலம் என்ன ஆனது என்று, இன்னும் வராத கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வந்த இடங்களில் மனநலம் சரிந்திருந்தது. 2022இல் வெளியான அந்த ஆய்வு, மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது. அன்றைய ஃபேஸ்புக்கில் ரீல்ஸும் இல்லை, ஃபில்டரும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம்?

ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 6 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மணிக்கணக்கு எதையும் குறிப்பிடவில்லை. தூக்கத்தையும் உடற்பயிற்சியையும் கெடுக்காத வகையில் வீட்டுக்கு ஏற்ற வரம்பை வைத்து, அதை மாற்றாமல் கடைப்பிடிக்கச் சொன்னது.

நானும் பெற்றோரிடம் மணிக்கணக்கைக் கேட்பதில்லை. இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? மாலையில் வியர்க்க வியர்க்க விளையாடுகிறானா? நேரில் பார்த்துப் பேசும் நண்பன் ஒருவனாவது இருக்கிறானா? போனில் மனத்தைக் கலங்கடிக்கும் எதையாவது பார்த்துவிட்டால் வீட்டில் யாரிடமாவது வந்து சொல்வானா? இவற்றைத்தான் கேட்கிறேன். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான பெற்றோர் யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள்: "எங்களிடம் எதையும் மறைக்க மாட்டான்." பிள்ளையைத் தனியே கேட்டால் வேறு பதில் வருகிறது: "சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்." இங்கே படிப்பதில் எதை மறந்தாலும் இந்தப் பதிலை மறந்துவிடாதீர்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

தூக்கம் கெடுகிறது என்கிறார்கள். போன் வெளிச்சத்தாலா?

வெளிச்சத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் அதற்குக் கிடைத்திருக்கும் பெயர் அதன் தகுதிக்கு மிஞ்சியது. "நைட் மோட்" போட்டுவிட்டோம் என்று ஆறுதல் அடைவதில் பயனில்லை. தூக்கத்தைப் பெரிதும் கெடுப்பவை இரண்டு: போன் விழுங்கிவிடும் நேரம், அதில் பார்ப்பதும் படிப்பதும் மனத்தைக் கிளறிவிடும் விதம்.

பருவமடையும்போது உடலின் உள் கடிகாரம் தானாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. எனவே 15 வயதுப் பிள்ளைக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வராதது சோம்பேறித்தனமோ திமிரோ ஆகாது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. நம் ஊர்ப் பத்தாம் வகுப்பு மாணவனின் நாளை இதோடு பொருத்திப் பாருங்கள். ஐந்தரை மணிக்கு டியூஷன், ஏழரைக்குப் பள்ளி வேன், மாலையில் சிறப்பு வகுப்பு, பிறகு மறுபடியும் டியூஷன், ஒன்பது மணிக்குச் சாப்பாடு. அவனுக்கென்று மிஞ்சும் ஒரே பொழுது இரவு பத்துக்கு மேல்தான். அதைப் போனோடு கழிக்கிறான். பழியெல்லாம் போன்மேல் போடும்போது, அந்தப் பகலை அப்படி அடைத்து வைத்தது யார் என்பதையும் பேசியாக வேண்டும்.

அந்த இரவில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். விளக்கை அணைத்தாயிற்று. போர்வைக்குள் திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, ஒலியை நிறுத்தி வைத்திருக்கிறாள் ஒரு மாணவி. வகுப்பு வாட்ஸ்அப் குழு ஒன்று. அதே வகுப்பில் நான்கு பேரை மட்டும் விட்டுவிட்டுத் தொடங்கிய இன்னொரு குழு. பதினொன்றரைக்கு அந்த இரண்டாவது குழுவில் யாரோ யாருடைய படத்தையோ போட்டுச் சிரிக்கும் பொம்மைகளைக் குவிக்கிறார்கள். தான் இப்போது தூங்கிவிட்டால் அடுத்த கேலி தன்னைப் பற்றியதாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் விழித்திருக்கிறாள். இந்தப் பயத்தை எந்த நைட் மோடும் தணிக்காது.

செய்ய வேண்டியது எளிது, செலவும் அதிகமில்லை. வீட்டில் எல்லோருடைய போன்களும் இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குக் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். எல்லோருடையதும் என்றால் அப்பா, அம்மா போன்களும் சேர்த்துத்தான். அலாரத்துக்காகப் போன் வேண்டும் என்ற காரணம் நிச்சயம் வரும். கடையில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். போன் அருகில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த வீட்டு வழக்கமாகிவிட்டால், "எங்கள் வீட்டில் பத்து மணிக்கு வாங்கி வைத்துவிடுவார்கள்" என்று தோழிகளிடம் சொல்லிக்கொள்ள அவளுக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. பல பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை.

பெண் பிள்ளைகளுக்குப் பாதிப்பு அதிகமா?

தோற்றம் குறித்த மனவேதனையில் அதிகம் என்றுதான் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் நிறுவனத்துக்கே இது தெரிந்திருந்தது. அங்கே பணியாற்றிய ஃபிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொண்டு வந்த உள் ஆவணங்களில், பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் தோற்றம் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே அந்த மனக்குறை இருந்த பெண்களைப் பற்றிய கணக்கு அது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் பிள்ளையைத்தானே முதலில் காக்க வேண்டும்?

வயதும் முக்கியம். ஏமி ஆர்பெனும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டன் தரவுகளை வைத்து 2022இல் கண்டது இது: பெண்களுக்கு 11 முதல் 13 வயதிலும், ஆண்களுக்கு 14, 15 வயதிலும் சமூக ஊடகப் பயன்பாடு கூடினால், ஓராண்டு கழித்து வாழ்க்கை பற்றிய மனநிறைவு குறைகிறது. இரு பாலருக்கும் 19 வயதில் மறுபடியும் அதே நிலை. அதாவது ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைக்குத் தனிப் போனும் இன்ஸ்டாகிராம் கணக்கும் தருவதைத் தள்ளிப்போட நல்ல காரணம் இருக்கிறது.

நான் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு. ஊரும் பெயரும் மாறுமே தவிர கதை மாறுவதில்லை. உறவினர் திருமணத்துக்குத் தாவணி கட்டிக்கொண்டு போகிறாள் பெண். எடுத்த படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். ஃபில்டர் அவள் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கி, மூக்கைச் சற்று ஒடுக்கிக் காட்டுகிறது. பதிவிடுகிறாள். பந்தியில் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கும்போதும் மடியில் போன். யார் லைக் போட்டார்கள், முக்கியமாக யார் போடவில்லை. மாலைக்குள் படத்தை நீக்கிவிடுகிறாள். முன்பெல்லாம் பெண்கள் தங்களை நடிகைகளோடு ஒப்பிட்டுக் குமைந்தார்கள். இவளோ ஃபில்டர் திருத்திய தன் முகத்தோடு தன் முகத்தை ஒப்பிட்டுத் தோற்றுப்போகிறாள். இரவு முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்க்கும்போது அங்கே இருப்பவளை அவளுக்குப் பிடிப்பதில்லை.

இதில் வீட்டுக்கும் பங்கு உண்டு. "ஏன் இப்படிக் கறுத்துவிட்டாய்?", "கொஞ்சம் உடம்பைக் குறைக்கக் கூடாதா?" என்று விசேஷ வீடுகளில் உறவினர்கள் கேட்டுக் கேட்டு வளரும் பெண்ணுக்குத்தான் அந்த ஃபில்டர் தேவைப்படுகிறது. அத்தையோ பெரியம்மாவோ அப்படிக் கேட்கும்போது, பிள்ளையின் முன்னாலேயே மறுத்துப் பேசுங்கள். எந்தச் செயலியின் அமைப்பை மாற்றுவதைவிடவும் அது அவளுக்கு உதவும்.

ஆண் பிள்ளைகளுக்குத் தோற்றக் கவலையே இல்லை என்று எண்ண வேண்டாம். கட்டுடல் வீடியோக்களும், ஜிம் போய்ப் புரோட்டீன் பவுடர் வாங்கித் தின்னும் ஆசையும் இப்போது ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குகின்றன.

என் மகன் எந்நேரமும் போனில் விளையாடுகிறான். அடிமையாகிவிட்டானா?

அதிக நேரம் விளையாடுவது மட்டும் அடிமைத்தனம் ஆகாது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு சேர்க்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று அடையாளங்கள்: விளையாட்டைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருவது, கேடு விளைவதை அறிந்தும் தொடர்வது. இவற்றால் படிப்பு, உறவு, அன்றாட வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அந்த நிலை பொதுவாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். தேர்வு விடுமுறையில் நாள் முழுவதும் விளையாடிவிட்டு, பள்ளி திறந்ததும் குறைத்துக்கொள்பவன் இந்த வரையறைக்குள் வரமாட்டான்.

ஒரு நடைமுறை விஷயம். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டுகளில் நான்கு பேர் ஓர் அணியாக இறங்குவார்கள். பாதி ஆட்டத்தில் நீங்கள் போனைப் பிடுங்கினால் உங்கள் மகன் மற்ற மூவரையும் நடுவில் விட்டுவிட்டுப் போனவன் ஆகிறான். மறுநாள் வகுப்பில் அதற்குப் பேச்சு வாங்குகிறான். அவன் கத்துவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். "இந்த ஆட்டம் முடிந்ததும் வை" என்று சொல்லிப் பாருங்கள். சண்டையில் பாதி குறையும்.

பணம் கட்டி ஆடுவது வேறு விவகாரம். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. ஆன்லைன் ரம்மிக்கு எதிராகத் தமிழ்நாடு தனிச்சட்டமே இயற்றியது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. அப்படியும் வெளிநாட்டுச் செயலிகள் வழியாகப் பந்தயம் கட்டும் பிள்ளைகள் இருக்கக்கூடும். அப்பாவின் யுபிஐ கணக்கிலிருந்து சிறு சிறு தொகைகள் போயிருந்தால் கவனியுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே 2014இல் ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. கடுமையான நிலையில் அங்கே ஆலோசனை பெறலாம். ஆனால் முதல் அடியை உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே வைக்கலாம்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஐந்து நிமிடம் ரீல்ஸ் பார்க்கலாம் என்று எடுத்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. எனக்கு மனவுறுதி இல்லையா?

உன் மனவுறுதியில் குறை இல்லை. நீ மோதுவது ஒரு வடிவமைப்போடு. பக்கத்துக்கு முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் அந்த அமைப்பை ஏஸா ராஸ்கின் என்பவர் 2006இல் உருவாக்கினார். மனிதர்களை நிறுத்த விடாமல் அது இழுத்துச் செல்வதைக் கண்டு, பின்னாளில் அவரே அதைப் பற்றி வருத்தத்தோடு பேசினார். ஒரு புத்தகத்தில் அத்தியாயம் முடிகிறது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சி முடிகிறது. ரீல்ஸில் "போதும்" என்று உன்னை நினைக்கவைக்கும் இடமே கிடையாது. அடுத்தது சுவையாக இருக்குமா இருக்காதா என்று தெரியாததால்தான் விரல் மறுபடியும் தள்ளுகிறது. எல்லாமே சுவையாக இருந்தால்கூட விரைவில் சலித்துவிடும்.

இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் சோதனைக்கு விடப்பட்டது. பள்ளிகள் மூடிக்கிடந்த அதே மாதங்கள் அவை. உன் வயதுப் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்திருந்த நேரத்தில்தான் இவை உங்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

உனக்குக் கைகொடுக்கக்கூடியவை சில. அந்தச் செயலியை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிடு. அறிவிப்புகளை நிறுத்திவை. படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். மனம் கனத்திருக்கும் நாளில் மட்டும் ரீல்ஸைத் திறக்காதே. காரணம் இருக்கிறது: நீ எதில் நின்று பார்க்கிறாயோ அதையே அது மேலும் தரும். காதல் தோல்விப் பாட்டு ஒன்றில் நின்றால் பத்து வரும். சாவைப் பற்றிய ஒன்றில் நின்றால் அதுவும் பத்து வரும். லண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி 2017இல் உயிரிழந்தாள். அவளிடம் வந்து குவிந்த அத்தகைய பதிவுகளுக்கும் அவள் இறப்பில் அற்பமென்று ஒதுக்கிவிட முடியாத பங்கு இருந்தது என்று 2022இல் அங்கே மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அப்படிப்பட்ட பதிவுகள் உனக்கு வரத் தொடங்கினால், "விருப்பமில்லை" என்று அழுத்திவிட்டு, நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்.

வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. போன் இல்லாமல் எப்படிப் படிப்பது?

உண்மையான சிக்கல்தான். இந்தியக் கிராமப்புறங்களில் நடத்தப்பட்ட 2024ஆம் ஆண்டின் அசர் என்ற கல்வி ஆய்வில், ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதத்தினர் முந்தைய வாரத்தில் ஸ்மார்ட்போனைப் படிப்புக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். 76 சதவீதத்தினர் சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். படிப்புக்கென்று எடுக்கும் போன் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்: வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே எழுதிப்போட்டு முடியுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் குழுவில் எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் பெற்றோர் எண்ணுக்கு அனுப்புங்கள்.

போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஆத்திரத்தில் பிடுங்குவதும் சுவரில் வீசி உடைப்பதும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அந்தப் போன்தான் தங்களைப் புரிந்துகொள்ளும் ஒரே நண்பனிடம் போகும் வழி. திட்டும் அவமானமும் இழப்பும் ஒரே நிமிடத்தில் சேர்ந்து விழுந்தால், ஏற்கெனவே நொந்திருக்கும் பிள்ளை விபரீத முடிவை நோக்கிப் போய்விடக்கூடும். குறைக்க வேண்டுமென்றால் அமைதியான ஒரு நாளில், காரணம் சொல்லி, அவனையும் பேசவிட்டு, படிப்படியாகக் குறையுங்கள். விடுபடும் நேரத்துக்கு வேறு ஏதாவது இருக்க வேண்டும். மைதானம், நண்பன் வீடு, நூலகம், எதுவாகவும் இருக்கலாம். வெறும் வெற்றிடத்தைக் கொடுத்துவிட்டு "படி" என்றால் நடக்காது.

பிடுங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை அடுத்த கேள்வி காட்டும்.

யாரோ என் மகளின் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் மகளிடம் சொல்ல வேண்டியது: "நீ சொன்னது நல்லது. உன்மேல் கோபம் இல்லை. இதை நாம் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்." ஏன் அனுப்பினாய், யார் அவன், எத்தனை நாளாக என்ற விசாரணை பிறகு இருக்கட்டும். மிரட்டுபவனின் முழுப் பலமும் "உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்ற ஒரே வாக்கியத்தில்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் அவள் பக்கம் நிற்கிறீர்கள் என்ற நொடியில் அந்தப் பலத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்த பிள்ளைகள் உண்டு. ஆண் பிள்ளைகளும் இந்த மிரட்டலில் மாட்டுகிறார்கள். அவர்கள் இன்னும் தாமதமாகச் சொல்கிறார்கள்.

பணம் அனுப்பாதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். உரையாடல்களை அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், எண், செய்திகள் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு அந்தக் கணக்கைத் தடை (பிளாக்) செய்யுங்கள். படம் ஆபாசமானது என்றால் அதை மட்டும் வேறு யாருக்கும், புகாருக்கென்றும்கூட, அனுப்பாதீர்கள். போலீசாரிடம் போனையே காட்டலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பணம் போயிருந்தால் உடனே 1930. குழந்தைகள் உதவி எண் 1098.

18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். "போலீசுக்குப் போனால் ஊரெல்லாம் தெரிந்துவிடும்" என்பதே பெற்றோரின் பெரிய அச்சம். அந்தச் சட்டப்படி பிள்ளையின் அடையாளத்தை யாரும் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடுமான வரை ஒரு பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வர வேண்டும். இவை உங்கள் உரிமைகள். துணிந்து கேளுங்கள்.

படம் பரவாமல் தடுக்க, "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்காக இயங்கும் தேசிய மையம் நடத்துவது; எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போய், அந்தப் படம் அங்கே வந்தால் அடையாளம் கண்டு நீக்க உதவுகிறது.

மகளுக்குத் தெரியாமல் அவள் போனைப் பார்க்கலாமா?

உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் வந்தால் பாருங்கள். மற்றபடி வேண்டாம். பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாருங்கள். 13 வயதில் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கும் என்ற உடன்பாட்டோடு தொடங்கி, வயது ஏற ஏறத் தளர்த்திக்கொண்டே போகலாம். இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான "டீன் அக்கவுண்ட்" வசதி 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் வராது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் பிள்ளை பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்திருந்தால் இவை எதுவும் வேலை செய்யாது. அதை அவளோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.

ஆஸ்திரேலியாவைப் போல இங்கும் தடை செய்துவிடலாமே?

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும்.

இந்தியாவில் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கண்காணிப்பையும் விளம்பரத்தையும் தடுக்கும் அந்தப் பகுதி முழுமையாக அமலானால், பாதித் தடைக்குச் சமம் என்பேன்.

பள்ளியில் மட்டும் தடுப்பதற்கு மனநலத்தில் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம். இங்கிலாந்தில் 30 பள்ளிகளில் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், போனைத் தடுத்த பள்ளி மாணவர்களுக்கும் அனுமதித்த பள்ளி மாணவர்களுக்கும் மனநலத்தில் வேறுபாடு தென்படவில்லை. பள்ளியில் குறையும் நேரம் வீட்டில் ஈடாகிவிடுகிறது. வகுப்பில் கவனம் சிதறாமல் இருக்கத் தடை தேவை. அது வேறு காரணம்.

என் மகள் மனக்கஷ்டங்களை ஏஐ செயலியிடம் சொல்கிறாள். பரவாயில்லையா?

சொல்ல ஓர் இடம் தேடுகிறாள் என்பதை முதலில் கவனியுங்கள். அந்தச் செயலி எந்நேரமும் பதில் சொல்லும், சலித்துக்கொள்ளாது, பெரும்பாலும் அவள் சொல்வதற்கு ஆமாம் போடும். ஆனால் அவள் குரல் மாறியிருப்பதை, சாப்பிடாமல் இருப்பதை அது அறியாது. ஆபத்து நேரத்தில் கதவைத் தட்டி உள்ளே வராது. ஏஐ பாத்திரங்களோடு உரையாட வைக்கும் பெரிய செயலிகளில் ஒன்றான கேரக்டர் ஏஐ, 18 வயதுக்குட்பட்டவர்கள் அதில் தடையின்றி உரையாடுவதை 2025 நவம்பரில் நிறுத்திக்கொண்டது. பாடச் சந்தேகத்துக்குப் பயன்படுத்தட்டும். மனக்கஷ்டத்துக்கு ஒரு மனிதர் வேண்டும்.

இணையத்தால் நன்மையே இல்லையா?

நிறைய இருக்கிறது. திக்குவாய் உள்ள பையனுக்குத் தன்னைப் போன்ற நூறு பேர் அங்கே கிடைக்கிறார்கள். தன் பாலின உணர்வைப் பற்றி ஊரில் வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு, தான் தனியாள் இல்லை என்று முதலில் தெரிவது அங்கேதான். சிற்றூரில் இருந்துகொண்டு கிதார் கற்கிறார்கள், ஓவியம் கற்கிறார்கள், நீட் தேர்வுக்குக் காசில்லாமல் தயாராகிறார்கள். முழுத் தடையை நான் ஆதரிக்கத் தயங்குவது இவர்களை நினைத்துத்தான்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? எங்கே போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சோகமோ எரிச்சலோ. பிடித்த விளையாட்டு, பிடித்த சாப்பாடு எதிலும் நாட்டமின்மை. தூக்கமும் பசியும் தலைகீழாக மாறுவது. பள்ளிக்குப் போக மறுப்பது. வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைப்பது. "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" போன்ற பேச்சு. இவற்றில் கடைசி இரண்டில் ஒன்று தென்பட்டாலும் அன்றே போக வேண்டும்.

"செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று பிள்ளையிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆய்வுகள் இதை உறுதி செய்திருக்கின்றன. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம். ஆம் என்று பதில் வந்தால் தனியே விடாமல் கூடவே இருங்கள்.

14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பிள்ளையே அழைத்தும் பேசலாம், நீங்கள் பிள்ளைக்காகவும் அழைக்கலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவை என்று கண்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகும் முன் பிள்ளையிடம் பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "கண் பரிசோதனைக்கு" என்று கூட்டிப்போய் மனநலப் பிரிவின் முன் நிறுத்தினால், உள்ளே போய் ஒரு வார்த்தை பேசமாட்டான். எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருத்துவர் அவனோடு தனியாகப் பேசக் கேட்டால், எழுந்து வெளியே வந்து காத்திருங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் உள்ளே என்ன சொன்னாய் என்று கேட்க வேண்டாம்.